கேமரா இல்லாமல் போட்டோகிராபி: வெயிலில் சயனோடைப் அச்செடுப்பது எப்படி

நல்ல கேமரா வாங்கிய பிறகு போட்டோகிராபி கற்றுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் ஓவிய மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் ஓவிய மாணவன்தான். வெளிச்சத்தை அளந்து பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது சயனோடைப், அதாவது கெமிக்கல் பூசிய தாளை வெயிலில் காட்டி நீல நிறப் படம் எடுக்கும் முறை. கேமரா அப்புறம்தான் வந்தது. 1842-ல் ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது இது. மறு வருடமே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைத் தாள்மேல் வைத்து, வெயிலிலேயே அச்செடுத்து வெளியிடத் தொடங்கிவிட்டார்.

ஓவியம் படிக்கிற பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்று யாராவது கேட்டால் ஒன்று சொல்லுங்கள். 1850-ல் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டர்தான் 1856-ல் மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டியையும் தொடங்கினார். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

படி 1: கரைசல்

லேப் கெமிக்கல் விற்கும் கடையில் இரண்டு பொருள் வாங்க வேண்டும். பச்சை நிற ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரையுங்கள். பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராமை இன்னொரு 100 மில்லியில் கரையுங்கள். தண்ணீர் டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும். தனித்தனி பழுப்பு பாட்டிலில் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டி வையுங்கள்.

கையுறை கட்டாயம். சமையல் பாத்திரம், கரண்டி எதையும் இதற்கு எடுக்காதீர்கள். இரண்டாவது கரைசலைச் சூடாக்கக் கூடாது. கடும் அமிலம் எதுவும் அதில் படக் கூடாது, விஷவாயு வரும். பாத்ரூமில் வேலை செய்பவர்கள் தரை கழுவும் ஆசிட் பாட்டிலை முதலில் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

படி 2: தாளில் பூசுதல்

அலசும்போது கிழியாத தாள் வேண்டும். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) வாட்டர்கலர் தாள் நல்லது. இரண்டு கரைசலிலும் தலா 5 மில்லி எடுத்துக் கலந்தால் ஐந்தாறு ஏ5 தாளுக்கு வரும். ஜன்னலை மூடி, மங்கலான மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பூசுங்கள். உலோகப் பட்டை இல்லாத பிரஷ் அல்லது ஸ்பாஞ்ச் பிரஷ் எடுங்கள். ஒருமுறை குறுக்கே, ஒருமுறை நெடுக்கே, மெல்லிசாக. குட்டையாகத் தேங்கினால் அந்த இடம் அலசும்போது கழன்று போகும். இருட்டில் நன்றாகக் காயட்டும்.

படி 3: சோதனைப் பட்டை

பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதல் தாளில் இலையோ பூவோ வைக்காதீர்கள். ஒரு நீளத் துண்டை வெயிலில் வைத்து, அட்டையால் மூடி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அட்டையை ஒரு விரல் அகலம் நகர்த்துங்கள். பதினான்கு நிமிடம் வரை போகலாம். பிறகு அலசிக் காய வையுங்கள்.

வெளிர் நீலத்திலிருந்து கருநீலம் வரை படிப்படியாக வரும். 2எச்-சில் தொடங்கி 6பி வரை பென்சிலால் டோன் போட்டுப் பழகிய கண்ணுக்கு இதைப் படிப்பது சுலபம். எந்தக் கட்டத்துக்கு மேல் நீலம் கூடவே இல்லையோ, அதுதான் அந்த நேரத்து வெயிலுக்கு உங்கள் அளவு. தாள் நன்றாகக் காய்ந்த பிறகே முடிவு செய்யுங்கள். ஈரத்தில் நிறம் ஏமாற்றும். நேரம், தேதி, வெயிலா மேகமா என்பதைத் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்.

படி 4: முதல் படம்

காகிதப்பூ எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிசு, ஈரம் குறைவு. ஒரு ராத்திரி செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி, மறுநாள் தாள்மேல் பரப்பி, மேலே போட்டோ பிரேம் கண்ணாடி வைத்துக் கிளிப் போடுங்கள். வெயிலில் குறைந்த நேரம் வைத்தால் வெறும் வெள்ளை உருவம்தான் கிடைக்கும். கொஞ்சம் கூட்டுங்கள்: இதழ் வழியே வெளிச்சம் கசிந்து நரம்புகள் தெரிய ஆரம்பிக்கும், இரண்டு இதழ் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். எக்ஸ்போஷர், அதாவது தாளில் விழும் வெளிச்சத்தின் அளவு, என்றால் என்ன என்பது எனக்கு அந்த நரம்புகளில்தான் புரிந்தது. வெளிச்சத்தின் அளவை மாற்றினால் பொருளே வேறாகத் தெரிகிறது.

படி 5: அலசுதல்

மஞ்சள்-பச்சைத் தாள் வெயிலில் நீலமாகி, பிறகு சாம்பல் பூத்ததுபோல் ஆகும். அப்போது எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். மஞ்சள் போகும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். போர்வெல் தண்ணீர் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) உள்ளதாக இருந்தால் நீலத்தை வெளுக்க வைக்கும். கேன் தண்ணீரே மேல். வெயில் பட்ட இடத்தில் இரும்பு உப்பு மாறி, தாளிலேயே பிரஷ்யன் புளூ உருவாகிறது. நம் பெயிண்ட் பெட்டியில் இருக்கும் அதே நிறம்தான். ஒரு நாளில் அது தானாகவே இன்னும் ஆழமாகும்.

படி 6: போனில் எடுத்த படத்தை அச்சாக்குதல்

இலை, பூ கைவந்த பிறகு இதற்கு வாருங்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, நெகட்டிவாக (வெளிச்சமும் இருட்டும் தலைகீழாக) மாற்றி, இடவலம் திருப்பி, ஜெராக்ஸ் கடையில் ஓஹெச்பி ஷீட் என்னும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் பிரிண்ட் எடுங்கள். லேசர் பிரிண்ட்டில் கறுப்பு போதாது. அதனால் ஒரே படத்தை எடுத்த இரண்டு ஷீட்டை ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருத்துங்கள். மை பக்கம் தாளைத் தொட வேண்டும். ஷீட்டும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தடுக்கும் என்பதால் சோதனைப் பட்டையை ஷீட்டோடு சேர்த்து மறுபடி எடுங்கள்.

முடிந்த படத்தை நேர் வெயில் விழும் சுவரில் மாட்ட வேண்டாம். வெளிச்சத்தில் வெளுத்தால் சில நாள் இருட்டில் வையுங்கள், பெரும்பாலும் நீலம் திரும்பிவிடும். சோப்போ சலவை சோடாவோ பட்டு வெளுத்தது திரும்பாது.