துக்கம் வந்து விழும்போது என்ன செய்வது?

முதலில் அழுதுவிடுங்கள். ஈமான் (இறைநம்பிக்கை) உள்ளவர் அழலாமா என்று யாராவது கேட்டால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். முஹம்மது நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் பால்குடி வயதில் இறந்தபோது அவர்களின் கண்கள் நிறைந்தன. "நீங்களுமா?" என்று தோழர் ஒருவர் கேட்டார். இது இரக்கம் என்றார்கள் நபியவர்கள். கண் அழுகிறது, உள்ளம் வருந்துகிறது, ஆனால் இறைவனுக்குப் பிடிக்காததைச் சொல்ல மாட்டோம் என்றார்கள். கன்னத்தில் அறைந்துகொள்வதும் சட்டையைக் கிழித்துக்கொள்வதும்தான் கூடாது.

அப்புறம் "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" (நாம் அல்லாஹ்வுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்புகிறவர்கள்) சொல்லுங்கள். அதோடு, இதற்குப் பகரமாக இதைவிடச் சிறந்ததைத் தா என்று கேட்கும் துஆவும் (வேண்டுதலும்) உண்டு. கணவர் அபூ ஸலமா இறந்தபோது நபித்தோழி உம்மு ஸலமா (ரலி) அதை ஓதினார்கள். அவரைவிடச் சிறந்தவர் யார் இருக்க முடியும் என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது, இருந்தும் ஓதினார்கள். என் உம்மா (அம்மா) மவுத்தான (இறந்த) இரவில் எனக்குக் கைகொடுத்தது இந்தச் செய்திதான். உதடு ஓதியது, மனம் கூட வரவில்லை. வராவிட்டாலும் ஓதலாம் என்று தெரிந்ததே பெரிய ஆறுதல்.

பொறுமை என்றால் வாயை மூடிக்கொள்வது இல்லை. மகனைப் பிரிந்து அழுதே பார்வை இழந்த யஃகூப் நபி, "என் துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன்" என்றார்கள் (குர்ஆன் 12:86). அப்படியே செய்யுங்கள். தஹஜ்ஜுத் (பின்னிரவுத் தொழுகை) தொழுதுவிட்டுக் கையேந்தி, உங்கள் சொந்தப் பேச்சில் சொல்லுங்கள். "கஷ்டமாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடாதீர்கள். உம்மாவின் அலமாரியைத் திறக்கப் பயமாக இருக்கிறது யா அல்லாஹ் என்றுதான் நான் கேட்டேன்.

தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று வாரக்கணக்கில் போனால் மருத்துவரைப் பாருங்கள். அது விதியை எதிர்ப்பதாகாது. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் போகாமல் திரும்பிய கலீஃபா (ஆட்சித் தலைவர்) உமர் (ரலி), அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்றார்கள்.

துக்கம் விசாரிக்கப் போகிறவர்களே, "என்ன பாவம் செய்தாரோ" என்ற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். கேட்கிறவர் நெஞ்சு தாங்காது. முள் குத்தினால்கூடப் பாவம் மன்னிக்கப்படும் என்று சொன்ன மார்க்கம் இது. 629இல் முஅத்தா போரில் நபித்தோழர் ஜஅஃபர் (ரலி) கொல்லப்பட்டபோது, அவர் குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுங்கள் என்றார்கள் நபியவர்கள். நீங்களும் சமைத்து எடுத்துப்போங்கள், பாத்திரத்தைத் திருப்பிக் கேட்க அவசரப்படாதீர்கள்.