எபிஜெனடிக் புரதங்களும் புற்றுநோயும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரமணியிலும் கிண்டியிலும் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் நான் அடிக்கடி காணும் தவறு, டி.என்.ஏ.வின் எழுத்துவரிசையை மாற்றாமலேயே மரபணுக்களை இயக்கவோ அடக்கவோ செய்யும் எபிஜெனடிக் புரதம் ஒன்றுக்கு நல்லது அல்லது கெட்டது என்று நிரந்தர முத்திரை குத்திவிடுவதாகும். ஈ.இசட்.எச்.2 என்ற புரதத்தையே எடுத்துக்கொள்வோம். டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களுள் எச்3 என்பதன் 27ஆவது இடத்திலுள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தில் மெத்தில் என்னும் சிறு வேதித் தொகுதிகளைச் சேர்த்து, அவ்விடத்து மரபணுக்களை அடக்கிவைப்பது இதன் வேலை. ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினரிடம் பிறழ்வினால் (மரபணுவின் எழுத்துவரிசை மாறுவதால்) இந்த வேலை மிகுந்துவிடுகிறது. எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்கள் சரியாக உருவாகாத மைலோடிஸ்பிளாஸ்டிக் நோய்களிலும் டி செல் லுக்கீமியா என்னும் இரத்தப் புற்றுநோயிலுமோ இதே புரதம் செயலிழப்பதுதான் நோய்க்குத் துணைபோகிறது. இப்புரதத்தைத் தடுக்கும் டாசமெட்டோஸ்டாட் என்னும் மருந்து 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோதே, வேறொரு இரத்தப் புற்றுநோய் தோன்றக்கூடும் என்ற எச்சரிக்கையும் அதன் மருந்துக் குறிப்பில் இடம்பெற்றது. எந்தத் திசு, எந்தப் பிறழ்வு என்று சொல்லாமல் ‘ஈ.இசட்.எச்.2 புற்றுநோயைத் தூண்டும்’ என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை.

மெத்தில் சேர்ந்தாலே மரபணு அடங்கிவிடும் என்பதும் தவறு. அதே ஹிஸ்டோனின் 4ஆவது இடத்து லைசினில் மூன்று மெத்தில்கள் சேர்ந்திருப்பது பெரும்பாலும் மரபணு இயங்குவதன் அடையாளம்.

எபிஜெனடிக் மாற்றம் டி.என்.ஏ.வின் எழுத்துவரிசை மாறாத மாற்றம் என்பதால், இங்கே பிறழ்வுக்கு இடமில்லை என்று கருதுவோரும் உண்டு. அதுவும் தவறு: அக்யூட் மைலாய்டு லுக்கீமியா என்னும் இரத்தப் புற்றுநோயில் அடிக்கடி பிறழ்பவற்றுள் டி.என்.எம்.டி.3ஏ, டெட்2 என்னும் மரபணுக்கள் இருக்கின்றன. டி.என்.ஏ.வில் மெத்தில் சேர்க்கும் புரதத்தையும் அதை நீக்க உதவும் புரதத்தையும் உருவாக்குபவை இவையே.

என்னை மிகவும் வருத்துவது சிகிச்சையில் நேரும் தவறு. எபிஜெனடிக் மாற்றத்தைத் திருப்ப முடியும் என்று கேள்விப்பட்டதும், ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில் மஞ்சளிலுள்ள குர்குமின் காட்டிய விளைவை நம்பி, நோயாளிகள் சிலர், மருந்தை விட்டு மஞ்சள் மாத்திரைக்கு மாறுகிறார்கள். வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்து, அறை எடுத்துத் தங்கி மேற்சொன்ன இரத்த நோய்கள் சிலவற்றுக்கான அசாசிட்டிடின் ஊசியை நோயாளிக்குப் போடவைக்கும் குடும்பத்தினரோ, முதல் இரண்டு சுற்றுகளில் இரத்த அணுக்கள் இன்னும் குறைவதைக் கண்டு, மருந்து பலிக்கவில்லை என்று ஊர் திரும்பிவிடுகிறார்கள். பொதுவாக 28 நாள் சுற்றில் 7 நாள் தரப்படும் இம்மருந்து, செல் பிரியும்போது புதிய டி.என்.ஏ.வுக்குள் நுழைந்து, மெத்தில் சேர்க்கும் புரதத்தைச் சிக்கவைத்துச் செயலிழக்கச் செய்கிறது. அதனால் பலன் தெரியப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு சுற்றுகள் ஆகும்; நிறுத்திவிட்டால் நீங்கிய மெத்தில் குறிகள் திரும்பவும் படியத் தொடங்கும்.