கவலைக்கு அரைமணி நேரம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

"கவலைப்படாதே" என்று அறிவுரை சொல்லாத உறவினர் இல்லை. அதைக் கேட்டுக் கவலையை விட்டவரையும் நான் பார்த்ததில்லை. வராதே என்று தடுக்கத் தடுக்க நினைப்பு முண்டியடித்துக்கொண்டுதான் வரும். எனவே கவலையை விரட்டாமல், அதற்கென்று ஒரு நேரத்தை ஒதுக்கிப் பாருங்கள். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்க்கோவெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1983இல் வெளியிட்ட முறை இது.

தொடங்கும் முன்

கடன் தவணை நெருங்கும்போது வரும் கவலை இயல்பானது. ஆனால் பணம், பிள்ளைகள், உடம்பு, வேலை என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் கவலை, ஆறு மாதமாகப் பெரும்பாலான நாட்களில் அடங்காமல் தொடர்கிறதா? கூடவே தூக்கம் கெடுகிறதா, கழுத்தும் தோளும் இறுகுகின்றனவா, எரிச்சலும் களைப்பும் உண்டா? இது பொதுப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். மருத்துவரிடம் போய் உறுதிசெய்துகொள்ளுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால், அவர் ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தால் தட்டிக்கழிக்காதீர்கள்.

படி 1: நேரமும் இடமும்

தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரைமணி. மாலை ஆறு மணி வசதியானது. படுக்கையும் வேண்டாம், படுக்கப்போகும் நேரமும் வேண்டாம்.

படி 2: தள்ளிப்போடுங்கள்

பகலில் கவலை எழுந்தால் ஒரு வரியில் குறித்துவிட்டு, "ஆறு மணிக்குப் பார்க்கலாம்" என்று கைவேலைக்குத் திரும்புங்கள். ஒரே கவலை பத்து முறை வந்தாலும் பத்து முறையும் இதையேதான் செய்ய வேண்டும். முதல் வாரம் சலிப்பாகத்தான் இருக்கும்.

படி 3: அரைமணியில் செய்வது

இதுதான் முக்கியமான பகுதி. ஒவ்வொரு குறிப்பையும் எடுத்து, "இதில் நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?" என்று கேளுங்கள். உண்டு என்றால், அடுத்த செயலை நாளோடு எழுதுங்கள். "பணத்துக்கு என்ன செய்வது" என்பது வெறும் புலம்பல். "வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போய்த் தவணையை நீட்டிக்கக் கேட்பது" என்பது செயல்.

செய்ய ஒன்றுமில்லை என்றால், நீங்கள் அஞ்சுவது எது, எப்போது நடக்கும் என்று கணிப்பாக எழுதிவையுங்கள். அந்தத் தேதி கடந்ததும் என்ன நடந்தது என்று பக்கத்திலேயே குறியுங்கள். பொதுப் பதற்றக் கோளாறு உள்ளவர்களிடம் இப்படிக் கணக்கெடுத்த ஆய்வு ஒன்று 2020இல் அமெரிக்காவில் வெளியானது. அவர்கள் எழுதிய கணிப்புகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பலிக்கவில்லை. ஆனால் ஊரார் கணக்கு உங்களுக்கு உறைக்காது. உங்கள் நோட்டில் உங்கள் கையெழுத்தில் இருந்தால்தான் மனம் நம்பும்.

படி 4: உறுதி கேட்பதைக் குறையுங்கள்

கவலை வெறும் நினைப்போடு நிற்பதில்லை. மகள் பஸ் ஏறியதிலிருந்து நான்கு முறை அழைப்பது, நோய்க்குறிகளை நள்ளிரவில் இணையத்தில் தேடுவது எல்லாம் அதன் வேலைதான். அழைத்ததும் நிம்மதி வரும், கால்மணி நேரத்தில் கரைந்துவிடும். நான்கை இரண்டாக்குங்கள், பிறகு ஒன்றாக்குங்கள். அந்தத் தவிப்பு உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்குவதைப் பாருங்கள். மகளும் சந்தோஷப்படுவாள்.

காபியை மதியத்தோடு நிறுத்துவது பலருக்கு உதவும்.

எப்போது சிகிச்சைக்குப் போவது?

சில வாரங்கள் முயன்றும் வேலையும் தூக்கமும் கெட்டபடியே இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (நினைக்கும் விதத்தையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை), மருந்து இரண்டுமே பலன் தருபவை. இதற்கு வழக்கமாகத் தரப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள் (மனச்சோர்வுக்கும் தரப்படுபவை) வேலைசெய்யச் சில வாரங்கள் பிடிக்கும். இடையில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உடனே அமைதி தரும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளுக்கு உடம்பு பழகிவிடும் என்பதால், பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டை வைத்து வாங்க வேண்டாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் ஆறு மணி வரை காத்திருக்கக் கூடாது. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவை) எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.