சூடேறும் சீட், சூடேறும் ஸ்டியரிங்: ஒயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மார்கழியில் காவேரிப்பட்டணத்துப் பக்கமிருந்து ஓர் இளைஞர், தாம் முதன்முதலாகச் சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் ஹீட்டர் பொருத்திய காரை, கிருஷ்ணகிரியில் இருக்கும் என் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது, ஹார்ன் அடிக்கவில்லை. ஸ்டியரிங்கைக் கழற்றுவதற்கு முன்பே அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். அவர் அந்த ஆண்டில் அப்படி வந்த மூன்றாவது ஆள் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வெயில் கொளுத்தும் ஊரில் சீட்டுக்கு எதற்குச் சூடு என்று கேட்பவர்கள் உண்டு. தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டியை எடுத்துப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தினமும் பனியில் பெங்களூருக்குப் புறப்படுபவர்களும், நீண்ட தூரம் ஓட்டியதால் இடுப்பு வலி வந்தவர்களும்தான் இந்த வேலையைக் கேட்டு வருகிறார்கள். பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுப்பது, ரிலேயின் (சிறு கரண்டால் பெரிய கரண்டை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) கால்களைத் தவறாக இணைப்பது போன்றவற்றை நான் இங்கே பேசப்போவதில்லை. அவை உடனே தெரிந்துவிடும், செய்தவரே திருத்திக்கொள்வார். பட்டறையை விட்டு வண்டி நல்லபடியாகப் போய், பிறகு வெளிப்படுகிற தவறுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

லைட்டர் சாக்கெட்டிலிருந்து லைன் எடுப்பது

கைக்கு எட்டுகிற இடத்தில் 12 வோல்ட் இருக்கிறது என்பதற்காகப் பலர் இங்கிருந்து லைன் எடுக்கிறார்கள். ஒரு சீட்டுக்கான இரண்டு பேடும் (கவருக்கு அடியில் வைக்கும் சூடேறும் விரிப்புகள்) சேர்ந்து 45 வாட் என்று வைத்துக்கொண்டால், இரண்டு சீட்டுக்கு 90 வாட், அதாவது 12 வோல்ட்டில் 7.5 ஆம்பியர். ஆனால் எஞ்சின் ஓடும்போது ஒயரில் இருப்பது 12 அல்ல, 14 வோல்ட்டுக்கு அருகில்; பேடின் ரெசிஸ்டன்ஸ் மாறாததால் கரண்ட் 8.75 ஆம்பியராக உயர்கிறது. அதே சாக்கெட்டில் ஒருவர் டயருக்குக் காற்றடிக்கும் சிறு மோட்டாரைச் செருகினால் ஃபியூஸ் போகிறது. அடுத்து நடப்பதுதான் ஆபத்து: வழியில் இருக்கும் யாரோ ஒருவர் 15 ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் 30 ஆம்பியர் ஃபியூஸைச் செருகி அனுப்பிவிடுகிறார். ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்றுவதற்காக. மெல்லிய ஒயரில் பெரிய ஃபியூஸைப் போட்டால் முதலில் உருகுவது ஒயராகத்தான் இருக்கும், அதுவும் கம்பளத்துக்கு அடியில் யார் கண்ணுக்கும் படாமல்.

நான் செய்வது இது. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, அதிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை ரிலேயின் 30ஆம் காலுக்குக் கொண்டுபோகிறேன். 87ஆம் காலிலிருந்து பேடுகளுக்கு லைன் போகிறது. 86ஆம் காலுக்கு இக்னிஷன் லைன், 85ஆம் காலுக்கு எர்த். ஒயரின் தடிமனில் மிச்சம் பிடிப்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். அரை சதுர மில்லிமீட்டர் ஒயர் மூன்று மீட்டர் ஓடி 10 ஆம்பியரைச் சுமந்தால், வழியிலேயே ஏறத்தாழ ஒரு வோல்ட் தொலைந்துபோகிறது. தொலைந்த அந்த மின்சாரம் பத்து வாட்டுக்கும் மேல் சூடாக மாறி ஒயரின் உறையைத்தான் வேகவைக்கிறது.

இக்னிஷனைக் கேட்காமல் நேரே பேட்டரியில் கொடுப்பது

அப்படிக் கொடுத்தால் சாவியை எடுத்த பிறகும் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் 7.5 ஆம்பியர் ஓடினால் ஐந்து மணி நேரத்துக்குள் பேட்டரி முழுவதும் காலி. வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போவது அதற்கும் வெகு முன்பே. செய்யாதீர்கள்.

கிளாக் ஸ்பிரிங்கை நடுவிலிருந்து நகர விடுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். இதை ஆற அமரச் சொல்ல வேண்டும்.

ஸ்டியரிங் சுற்றும்; அதைத் தாங்கும் ‘காலம்’, அதாவது ஸ்டியரிங் தண்டைச் சுற்றியிருக்கும் கூடு, சுற்றாது. சுற்றுகிற பகுதியில் இருக்கும் ஏர்பேக்குக்கும் ஹார்னுக்கும் ஆடியோ பட்டன்களுக்கும் சுற்றாத பகுதியிலிருந்து கரண்ட் போக வேண்டும். அதற்காக நடுவில் ஒரு தட்டையான பிளாஸ்டிக் கூடு இருக்கிறது. அதற்குள் தையற்காரரின் அளவு நாடா போல ஒரு மெல்லிய பட்டைக் கேபிள் தளர்வாகச் சுருண்டிருக்கிறது. இதைத்தான் கிளாக் ஸ்பிரிங் என்கிறோம். பெரும்பாலான கார்களில் டயர் நேராக இருக்கும் நிலையிலிருந்து ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடிக்க ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று ஆகும். சுருளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு அல்லது இரண்டரைச் சுற்றுக்கு நாடா இருக்கும். ஸ்டியரிங்கைக் கழற்றி வைத்திருக்கும்போது அந்தக் கூட்டின் நடுத்தட்டு ஒரே ஒரு சுற்று நகர்ந்துவிட்டால்கூட, ஒரு பக்கத்தில் மிஞ்சுவது ஒன்றரையோ அதற்கும் குறைவாகவோதான்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் செய்தது இவ்வளவுதான். ஸ்டியரிங்கைக் கழற்றியதும் கூட்டின் மேல் தூசி படிந்திருந்ததைப் பார்த்து, சிறு பிரஷ்ஷால் துடைத்தேன். துடைக்கும்போது நடுத்தட்டை விரலால் சுற்றிச் சுற்றி எல்லா இடத்தையும் துடைத்தேன். அது எந்தத் தடையும் இல்லாமல் மெத்தென்று சுற்றியதால், சுற்றக் கூடாத ஒன்றைச் சுற்றுகிறேன் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. எல்லாவற்றையும் மாட்டி, பைபாஸில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். ஹார்ன் அடித்தது, ஸ்டியரிங் இதமாகச் சூடேறியது, எந்த விளக்கும் எரியவில்லை. நெடுஞ்சாலையில் யாரும் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிப்பதில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. வண்டிக்காரர் வீட்டுக்குப் போய், குறுகலான தெருவில் ரிவர்ஸ் எடுப்பதற்காக இடது பக்கம் முழுதாக ஒடித்தபோது, உள்ளே டக்கென்று ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. அத்தோடு ஹார்ன் போயிற்று, பட்டன்கள் போயின, ஏர்பேக் விளக்கு வந்துவிட்டது.

புது உதிரிபாகம் வந்து சேர எட்டு நாள் ஆயிற்று. அதன் விலை அப்போது என் மாத வருமானத்தில் பாதி. பணத்தைப் பற்றி நான் இன்று நினைப்பதில்லை. அந்த மனிதர் அந்த எட்டு நாளும் குடும்பத்தோடு தொப்பூர் கணவாய் வழியாகச் சேலத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. லாரிகள் பிரேக் பிடிக்காமல் இறங்குவதற்குப் பெயர்போன அந்த இறக்கத்தில், மோதினால் விரியாத ஏர்பேக்கை அவர் கைக்குக் கொடுத்து அனுப்பியவன் நான். விளக்கு எரிந்தால் எரியட்டும், வண்டி ஓடுகிறதே என்று சொல்லும் தம்பிகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலை முதல் இந்தியாவில் கட்டாயம். ஆகவே இனி உங்கள் பட்டறைக்கு வரும் பெரும்பாலான வண்டிகளில் இந்தச் சுருள் இருக்கும்.

செய்ய வேண்டிய முறை கடினமானதே அல்ல. டயர்களை நேராக வைத்து நிறுத்துங்கள். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் சொல்லியிருக்கும் நேரம் வரை காத்திருங்கள். நான் எதற்கும் பத்து நிமிடம் விடுகிறேன். ஏர்பேக்கைக் கழற்றினால், அதன் மூடி மேலே பார்க்கும்படி தனியாக வையுங்கள். ஸ்டியரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் பெயிண்டால் ஒரே கோடு போட்டுவிட்டு, நடு நட்டைத் தளர்த்துங்கள். முழுதாக எடுத்துவிடாமல் இரண்டு மரையில் விட்டு ஸ்டியரிங்கை இழுத்தால், அது திடீரென்று வந்து முகத்தில் மோதாது. ஸ்டியரிங் கையோடு வந்த அந்த நொடியிலேயே, வேறு எதையும் தொடுவதற்கு முன், கிளாக் ஸ்பிரிங்கின் நடுத்தட்டையும் வெளிக்கூட்டையும் சேர்த்து ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுங்கள். ஒரு விரல் நீள டேப் போதும்.

ஒருவேளை நகர்ந்துவிட்டால், ஊகத்தில் மாட்டாதீர்கள். நடுத்தட்டை ஒரு பக்கமாக, தடை தெரியும் வரை மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள். அங்கிருந்து எதிர்ப்பக்கத் தடை வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அதில் சரிபாதி திரும்பி வந்து, கூட்டின் மேல் இருக்கும் அம்புக்குறிகள் நேருக்கு நேர் சேர்கின்றனவா என்று பாருங்கள். புதிதாக வாங்கிய கிளாக் ஸ்பிரிங்கில் இருக்கும் பூட்டுப் பின்னை, அதைக் காலத்தில் பொருத்தி முடிக்கும் வரை பிடுங்கக் கூடாது. சில வண்டிகளில் ஸ்டியரிங் கோண சென்சாரும் இதோடு சேர்ந்தே இருப்பதால், மாட்டிய பிறகு ஸ்கேனர் போட்டு நேர்நிலையைப் பதிய வைக்க வேண்டியிருக்கும். கடைசியாக, வண்டியைக் கொடுப்பதற்கு முன் பட்டறைக்குள்ளேயே இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, இரண்டு முனைகளிலும் ஹார்னை அடித்துப் பாருங்கள்.

ஹார்ன் லைனில் ஸ்டியரிங் ஹீட்டரை ஓட்டுவது

காவேரிப்பட்டணத்து இளைஞர் கூடுதலாக இதையும் செய்திருந்தார். ஹார்ன் பட்டனில் ஓடுவது ரிலேயின் சுருளுக்கான கரண்ட் மட்டும், அரை ஆம்பியர்கூட இருக்காது. பட்டைக் கேபிளில் அதற்கான தடம் அவ்வளவு மெலிதாகத்தான் இருக்கும். ஸ்டியரிங் ஹீட்டருக்கோ அதைப்போல் பல மடங்கு கரண்ட் வேண்டும். அவருடைய கூட்டைப் பிரித்தபோது, வெளிர் நிறத்தில் இருக்க வேண்டிய பட்டை ஓரிடத்தில் பழுப்பேறி, விரல் பட்டதும் செதிலாக உதிர்ந்தது; அந்தச் செதிலுக்குப் பக்கத்துத் தடம்தான் ஏர்பேக்கினுடையது. அதே மாடலின் உயர்ந்த வகையில் தொழிற்சாலையிலேயே சூடேறும் ஸ்டியரிங் வந்திருந்தால், அதற்கென்று தடித்த தடங்கள் உள்ள கிளாக் ஸ்பிரிங் வேறு பார்ட் நம்பரில் கிடைக்கும்; அதை வாங்கிப் போடுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால், சீட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி வண்டிக்காரரிடம் மறுத்துவிடுங்கள். காலத்தைச் சுற்றி வெளியே சுருள் ஒயர் விட்டுச் சமாளித்த வண்டியும் என்னிடம் வந்திருக்கிறது. ஸ்டியரிங்கில் ஒயர் சிக்கினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் கப்ளர்

கப்ளர் என்பது ஒயர்களைச் சேர்க்கும் இணைப்பு; அது மஞ்சள் என்றால் ஏர்பேக். மல்டிமீட்டரை அதில் வைக்காதீர்கள், கழற்றி வைத்துவிட்டுச் சாவியைப் போடாதீர்கள்.

பேடை மடித்தும் வெட்டியும் நுழைப்பது

சீட் கவரை இழுத்துக் கட்டும் கம்பி வளையங்களுக்காக நுரையில் பள்ளம் இருக்கும். பேட் அந்தப் பள்ளத்தைத் தாண்டும் இடத்தில் மடிந்து இரட்டையாகிவிட்டால், அங்கே மட்டும் சூடு சேர்ந்துகொண்டே போகும். கார்பன் ஃபைபர் பேடுகளில் சிலவற்றை, தயாரித்தவர் குறித்திருக்கும் இடத்தில் மட்டும் வெட்டலாம்; கம்பிச்சுருள் பேடை எங்குமே வெட்டக் கூடாது. சீட் வேலைக்காரர் கவரை மாட்டும்போது முழங்காலை நடுவில் ஊன்றி அழுத்துவது பழக்கம். வேலை தொடங்கும் முன்பே அவரிடம் பணிவாகச் சொல்லிவிடுவேன். பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்திருப்பதை அறியும் சென்சார் மெத்தைக்குள் இருந்தால், பேட் அதன்மேல் அழுந்தி, ஆளே இல்லாதபோதும் பெல்ட் போடச் சொல்லி மணி அடித்துக்கொண்டிருக்கும். பேடை வைத்ததும் சாவியைப் போட்டு அதையும் பார்த்துவிடுவது நல்லது.

சீட் நகரும் என்பதை மறப்பது

ஒயரைக் கட்டும்போது சீட் நடுவில் இருக்கிறது. வண்டிக்காரர் உயரமானவர், கடைசி வரை பின்னால் தள்ளுகிறார். சீட் நகரும் தண்டவாளத்தின் கிரீஸில் நனைந்து, உறை கிழிந்து, செம்பு பளபளவென்று தெரியும் ஒயர்களை நான் எத்தனையோ முறை வெளியே எடுத்திருக்கிறேன். முன்னால் முழுதாக, பின்னால் முழுதாக, சாய்மானம் முழுதாக என்று மூன்று நிலையிலும் வைத்துப் பார்த்த பிறகே கட்டுங்கள்.

எர்த்

எர்த் ஒயர் பாடியில் படும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.

காப்பீடு

தொழிற்சாலையில் பொருத்தி வராத மின் சாதனங்களைப் பாலிசியில் சேர்க்கும்படி காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்காமல் இருப்பது

இது ஒயரிங் தவறு அல்ல, ஆனாலும் இங்கே சொல்லியாக வேண்டும். மகன் தன் தந்தையின் இடுப்பு வலிக்காக ஹீட்டர் பொருத்தச் சொல்கிறார். தந்தைக்கு இருபது ஆண்டாகச் சர்க்கரை. சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டவருக்குக் காலிலும் தொடையிலும் சூடு உறைக்காது. கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியும் 44 டிகிரியே, மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டுக்கொண்டிருந்தால் தோலைப் புண்ணாக்கிவிடும். உணர்வுள்ளவர் அசைந்து உட்காருவார், உணர்வில்லாதவர் அப்படியே இருப்பார். தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அதனால் தெர்மோஸ்டாட் இல்லாத பேடை நான் தொடுவதே இல்லை. வேலை முடிந்ததும், சீட்டின் மேல் மடித்த கம்பளியைப் போட்டு, அதற்கு அடியில் தெர்மாமீட்டரை வைத்து, அரை மணி நேரம் உச்ச நிலையில் ஓட்டுகிறேன். 42 டிகிரியைத் தாண்டினால் பேடைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். சர்க்கரையால் கால் மரத்துப்போனவர் உட்காரப் போகிற சீட் என்றால், அளவு சரியாக இருந்தாலும் பொருத்துவதில்லை. ஓட்டுகிற மகனின் சீட்டுக்கு மட்டும் செய்து கொடுத்து, தந்தைக்கு ஒரு நல்ல இடுப்புத் தலையணையை வாங்கிக்கொள்ளும்படி சொல்லி அனுப்புகிறேன்.