எச்சூ ஃபுன்டோஷி: மெல்லிய துணியில் தைக்க, படமெடுக்க

ஜப்பானியக் கோவணங்களில் வீட்டில் தைக்க எளிதானது எச்சூ ஃபுன்டோஷி. சுமார் 34 செ.மீ. அகலம், ஒரு மீட்டர் நீளமுள்ள துணியும் ஒன்றரை மீட்டர் நாடாவும் போதும். அகலப் பக்கம் ஒன்றை 2 செ.மீ. மடித்துத் தைத்து, பாவாடைக்குக் கோப்பதுபோல ஊக்கில் நாடாவை மாட்டி நுழைத்துவிடுங்கள். நாடாவை முன்னால் முடிந்து, பின்னால் தொங்கும் துணியைக் கால்களுக்கிடையே கொண்டுவந்து, நாடாவுக்கு உள்ளிருந்து மேலே இழுத்து முன்பக்கம் தொங்கவிட வேண்டும். அவ்வளவுதான்.

'சராஷி' என்ற வெளுத்த பருத்தித் துணி தறியிலேயே ஏறக்குறைய இந்த அகலத்தில்தான் வருகிறது. இரு பக்கமும் கரை இருப்பதால் ஓரம் அடிக்கும் வேலை மிச்சம். டபுள் காஸ் (இரண்டு அடுக்காக நெய்த மெல்லிய பருத்தித் துணி) இன்னும் மென்மை, ஆனால் நன்றாகச் சுருங்கும். நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். அதன் ஓரம் பிரிந்துகொண்டே வரும் என்பதால் இருமுறை மடித்துத் தைப்பது நல்லது. வழுக்கும் பாலியஸ்டரை நான் தொடமாட்டேன்.

சரி, படம். ஃபிளாஷ் வேண்டாம், நெசவே தெரியாமல் போகும். ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் விரித்து வையுங்கள். அடியில் உள்ள நிறம் மெல்லிய துணியில் ஊடுருவித் தெரியும். பூப்போட்ட விரிப்பு கூடவே கூடாது. வெள்ளைத் துணியைக் கேமரா சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டுங்கள். துணி எவ்வளவு மெல்லியது என்று காட்ட, நாடாவோடு ஜன்னலில் தொங்கவிட்டு ஒரு படம். அப்புறம், இஸ்திரி போட மறந்துவிடாதீர்கள்!