செல் சுருண்டதும் மருந்து கேட்டதென்று எழுதிவிடாதீர்கள்

போன வாரம் எங்கள் செல் வளர்ப்பு ஆய்வகத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வரும் புது மாணவி ஒருத்தி, மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அக்கா, செல் எல்லாம் சுருண்டுபோச்சு, மருந்து நல்லா கேக்குது" என்றாள். எனக்குப் பக்கென்றது. அவள் பக்கத்தில் பிபிஎஸ் (செல்லைக் கழுவும் உப்புக் கரைசல்) பாட்டில், வெளிப்புறமெல்லாம் நீர் முத்து, அப்போதுதான் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தது. நான் தொடக்கத்தில் செய்த அதே தப்பு. கையுறை, கிருமித் தொற்று பற்றியெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே பலர் சொல்லியிருப்பார்கள், அதை விடுகிறேன்.

குளிர்ந்த பிபிஎஸ்

பாலக்காட்டில் மார்ச் வெயிலுக்கு பயந்து எல்லாப் பாட்டிலையும் ஃப்ரிட்ஜில் வைப்போம். வாட்டர் பாத்தில் ஒரே ஒரு சின்ன பாட்டில் சூடாக இருக்கும். நான் மருந்தில்லாத கன்ட்ரோல் பிளேட்டை முதலில் கழுவுவேன், அதோடு அந்தப் பாட்டில் தீர்ந்துவிடும், மருந்து போட்ட பிளேட்டுக்கு ஃப்ரிட்ஜ் பாட்டில். மூன்று முறை கழுவல், ஒவ்வொன்றும் 5 நிமிடம். மருந்து பிளேட்டில் நீண்டு கிடக்க வேண்டிய ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் எல்லாம் ஒடுங்கிக் கிடக்கும், ஒவ்வொரு தடவையும் அப்படியே. மூன்று மாதம் இதைத்தான் படம் பிடித்து அடுக்கினேன். ஒருநாள் அவசரத்தில் மருந்து பிளேட்டை முதலில் கழுவிவிட்டேன். அன்றைக்குச் சுருங்கியது கன்ட்ரோல்.

காரணம் இதுதான். செல்லுக்கு உள்ளே ஒரு சட்டகம் இருக்கிறது, ஆனால் நம் எலும்பு மாதிரி நிலையானதல்ல, ஓயாமல் கட்டிக்கொண்டும் கலைந்துகொண்டும் இருப்பது. முன்விளிம்பில் ஆக்டின் என்ற புரதத்தின் இழைகள் வளர்ந்து சவ்வைத் தள்ளும், இன்டெக்ரின் புரதங்கள் தரையைப் பற்றும், மயோசின் என்ற புரதம் இழுக்க பின்பக்கம் கூடவே வரும். எந்தப் பக்கம் போவது, எவ்வளவு நீண்டு கிடப்பது என்பதில் இதே சட்டகத்தின் நுண்குழாய்களுக்குப் பெரிய பங்கு. டியூபுலின் புரதத்தை அடுக்கிக் கட்டிய அந்தக் குழாய்கள் குளிர் பட்டால் பிரிந்துவிடும். மூலனூர்ப் பக்கம் வயலில் நிற்கும் கண்வலிக் கிழங்கில், அதாவது செங்காந்தளில், இருக்கும் கால்சிசினும் டியூபுலினைப் பிடித்து இதே குழாய்களைத்தான் கலைக்கிறது. நான் மருந்தைச் சோதித்ததாக நினைத்துக்கொண்டு குளிரைச் சோதித்திருக்கிறேன்.

அதோடு சாதாரண பிபிஎஸ்ஸில் கால்சியமும் மக்னீசியமும் கிடையாது. தரையைப் பற்றும் இன்டெக்ரினுக்கு அவை வேண்டும், பக்கத்துச் செல்லைப் பற்றும் கேட்ஹெரினுக்குக் கால்சியம் வேண்டும். பிடி தளர்ந்தால் செல் உருளத் தொடங்கும். இரண்டு கேடும் ஒரே பாட்டிலில்!

அதனால் கால்சியம், மக்னீசியம் சேர்த்த பிபிஎஸ்ஸையும், செல்லை இருந்த நிலையிலேயே நிறுத்தி ஃபிக்ஸ் செய்யும் 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடையும் 37 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் பிளேட்டை வெளியே எடுங்கள். ஒரே ஒரு விரைவான கழுவல், உடனே ஃபிக்ஸ். அப்புறம், கன்ட்ரோலும் மருந்தும் ஒரே பாட்டில், வரிசையை ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றும் எரிச்சலாக வருகிறது. மருந்தில்லாமல் வெறும் கரைப்பான் மட்டும் போட்ட பிளேட்டை ஒருநாள் கடைசியில் கழுவியிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும்.

கீறிவிட்டு மூடுகிறதா என்று பார்ப்பது

பிளேட்டில் படர்ந்த செல்களில் பிப்பெட் டிப்பால் கீறின இடைவெளி மூடிவிட்டால் செல் நகர்ந்தது என்று எழுதிவிடுகிறார்கள். பெருகியும் மூடலாமே. 24 மணி நேரம் விட்டால் பல செல்கள் ஒருமுறை இரண்டாகப் பிரிந்தே விடும். செல்லைப் பெருக வைக்கும் சீரத்தைக் குறையுங்கள், அல்லது மைட்டோமைசின் போட்டுப் பெருக்கத்தை நிறுத்துங்கள். பிளேட்டின் அடியில் மார்க்கரால் கோடு போட்டு, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தைப் படமெடுங்கள்.

மெத்தனாலும் பலாய்டினும்

சேராது. மெத்தனாலில் ஃபிக்ஸ் செய்த ஆக்டினை, அதைக் காட்டும் சாயமான பலாய்டின் சரியாகப் பிடிக்காது.

ட்ரிப்சின்

தரையிலிருந்து செல்லைப் பிரிக்கும் நொதி இது. பிளேட்டைத் தட்டினால் செல் விடுகிறதா, அவ்வளவு போதும். அதிக நேரம் விட்டால் மேற்பரப்புப் புரதங்களையும் வெட்டிவிடும், அன்றைக்கே ஒட்டும் சோதனை செய்தால் தப்பான விடைதான் வரும்.

பாசேஜ் எண்

செல்லை எத்தனையாவது தடவை புதுப் பாத்திரத்துக்கு மாற்றினீர்கள் என்ற எண்ணை ஃபிளாஸ்கின் உடம்பில் எழுதுங்கள். மூடியில் வேண்டாம், மூடி மாறிவிடும்.