ஏஆர்டிஎஸ் நோயாளிக்கு வென்டிலேட்டர்: தராசை நம்பாதீர்கள், நாடாவை எடுங்கள்

ஏஆர்டிஎஸ் என்பது நுரையீரல் முழுக்க அழற்சியுற்று நீர் கோத்து, ரத்தத்தில் ஆக்சிஜன் கடுமையாகக் குறையும் நிலை. அந்த நோயாளிக்கு வென்டிலேட்டர் வைக்கும்போது நேரும் தவறுகளில் என்னை மிகவும் வருத்துவது, உடல் எடையைப் பார்த்து மூச்சின் அளவை முடிவு செய்வதுதான். உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருக்காது. அது உயரத்தையும் பாலினத்தையும் பொறுத்தது. 150 செ.மீ. உயரமும் 80 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணுக்கு, உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை ஏறத்தாழ 43 கிலோதான். கிலோவுக்கு 6 மி.லி. என்றால் ஒரு மூச்சுக்கு 260 மி.லி. போதும். தராசு காட்டும் எடையை எடுத்தால் 480 மி.லி. ஆகிவிடும். நீர் கோத்த நுரையீரலில் காற்று நுழைய மிஞ்சியிருப்பதோ ஒரு குழந்தையின் நுரையீரல் அளவு இடம். அத்தனை காற்றும் அந்தச் சிறு இடத்தில்தான் போய் மோதும். படுத்திருப்பவரின் உயரத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். உச்சி முதல் குதிகால்வரை நாடா வைத்து அளந்து எழுதுங்கள். இரண்டு நிமிட வேலை.

மூச்சைப் பெரிதாக்கினால் ஆக்சிஜன் ஏறுகிறதே என்று மயங்குவது அடுத்த தவறு. 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 861 நோயாளிகள் இருந்தார்கள். கிலோவுக்கு 12 மி.லி. பெற்றவர்களுக்கு முதல் சில நாட்கள் ஆக்சிஜன் மேலாகவே இருந்தது. ஆனால் இறந்தவர்கள் அந்தப் பிரிவில் 39.8 சதவீதம், 6 மி.லி. பிரிவில் 31 சதவீதம். கார்பன் டை ஆக்சைடு சற்று உயர்ந்ததும் பதறி மூச்சைப் பெரிதாக்குவதும் இதே வகைதான். முதலில் மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். ரத்தத்தின் பிஎச் (அமிலத்தன்மை கூடினால் குறையும் அளவு) 7.2க்குக் கீழே போகாதவரை பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளலாம். மூளைக்குள் அழுத்தம் உயர்ந்தவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

திரையில் தெரியும் உச்ச அழுத்தத்தோடு நின்றுவிடவும் கூடாது. உள்மூச்சின் முடிவில் காற்றோட்டத்தை ஒரு கணம் நிறுத்தி அளக்கும் பிளாட்டோ அழுத்தம்தான் காற்றறைகள் படும் பாட்டைச் சொல்லும். அது 30 செ.மீ. நீரழுத்தத்தைத் தாண்ட விடாதீர்கள்.

குப்புறப் படுக்க வைப்பதைக் கடைசி முயற்சியாகத் தள்ளிப்போடுகிறவர்களை என்னால் ஏற்கவே முடியவில்லை. கடும் பாதிப்புள்ள 466 பேரிடம் நடந்து 2013இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் மல்லாந்து படுத்திருந்த பிரிவில் 32.8 சதவீதம், குப்புறப் படுக்க வைத்த பிரிவில் 16 சதவீதம். அங்கே தொடக்கத்திலேயே ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு முறையும் குறைந்தது 16 மணி நேரம் அப்படியே வைத்திருந்தார்கள். இரண்டு மணி நேரம் திருப்பிப் போட்டுவிட்டுப் பலனில்லை என்று கைவிடுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். புரட்டுவதற்கு நான்கைந்து பேர் வேண்டும். தலைமாட்டில் நிற்பவருக்கு, தொண்டைக்குள் செலுத்திய சுவாசக் குழாயைப் பிடித்துக்கொள்வதைத் தவிர வேறு வேலை கொடுக்காதீர்கள்.